மாப்பிள்ளை வீட்டு வண்டி

கண்ணாடி வெட்டுகிறவர்களுக்குக் கோபம் ஆகாது. கோபம் வந்தால் கை அழுந்தும். கை அழுந்தினால் கோடு ஆழமாக விழும். அப்புறம் தட்டும்போது கண்ணாடி நாம் சொன்ன வழியில் போகாமல் தன் வழியில் போகும். எனக்கோ பிறவியிலேயே மூக்குக்கு மேல் கோபம். பதினைந்து வருடம் அடுத்தவர் கடையில் வெட்டிய காலத்தில் அதைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். சொந்தக் கடை போட்ட பிறகும் அப்படித்தான். அந்த வண்டி வந்த பிறகுதான் அது என்கூடவே உள்ளே வர ஆரம்பித்தது.

வண்டி வேண்டும் என்று முதலில் சொன்னது நான்தான், மறுக்கவில்லை. வாடகை வேன்காரர்களுக்குக் கண்ணாடி என்றாலே முகம் கோணிவிடும். "உடைஞ்சா நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் சாவியையே திருகுவார்கள். வருகிறேன் என்ற நேரத்துக்கு ஒருவரும் வந்ததில்லை. அப்போதுதான் மாணவர் விடுதி ஒன்று கட்டிக்கொண்டிருந்த இன்ஜினியர் என் கடைக்கு வந்தார். நான் வெட்டி வைத்திருந்த விளிம்புகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"வேலை சுத்தமா இருக்கு. ஆனா வாடகை வண்டிய நம்பி என்னால உக்கார முடியாதும்மா. சொந்த வண்டில கொண்டுவந்து இறக்குங்க. முதல் மாடிக் கண்ணாடி ஒழுங்கா வந்து சேர்ந்தா, மீதி மூணு மாடியும் உங்களுக்குத்தான்."

அந்த நான்கு மாடியும் கிடைத்தால் என் கடை நிற்கும். கிடைக்காவிட்டால் பழைய முதலாளியிடமே போய்க் கைகட்டி நிற்க வேண்டும். நான் விலகும்போது அவர் சிரித்த சிரிப்பு ஒன்று இருக்கிறது. அதை இன்னொரு தடவை பார்ப்பதைவிட நான் கண்ணாடித் தூளைத் தின்பேன்.

என் வீட்டுக்காரர் கல்லும் மணலும் ஏற்றுகிற லாரியைப் பல வருடம் ஓட்டியவர். வண்டி என்ற பேச்சை எடுத்தாலே போதும், சாப்பாடு கூட வேண்டாம் அவருக்கு.

"புதுசு நமக்குக் கட்டாது. பழைய பிக்கப் ஒண்ணு வாங்கி எல்லாத்தையும் மாத்திட்டா அது புதுசுதானே?" என்றார்.

எல்லாவற்றையும் மாற்றுவதானால் அதை எதற்கு வாங்க வேண்டும் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். எனக்கும் ஆசை கண்ணை மறைத்தது.

வெளியில் நாலு இடம் பார்த்து வாங்குவார் என்று நினைத்தேன். அவர் நேராகத் தன் தங்கை வீட்டுக்குக் கூட்டிப் போனார். தங்கை கணவரின் பழைய பிக்கப் வீட்டுக்குப் பின்புறம் நின்றிருந்தது. எவ்வளவு நாளாக நின்றிருந்தது என்று யாரும் சொல்லவில்லை. சுரைக்கொடி ஒன்று அதன் முன்பக்க பம்பரில் ஏறி, கண்ணாடியைத் தாண்டி, கூரையில் பூத்திருந்ததைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன். மாப்பிள்ளை நாற்காலி போட்டு டீ கொடுத்தார். என் வீட்டுக்காரர் வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ குடித்தார். நான் எழுந்து வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார்.

"உக்காரு. மாப்பிள்ளை வீட்டு வாசல்ல வந்து அடியில குனிஞ்சு பாத்தா அவர் என்ன நினைப்பாரு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"வண்டி வாங்க வந்திருக்காங்கன்னு நினைப்பாரு."

"தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சா பாப்பாங்க?"

"தானமா? சுளையா எண்ணிக் குடுக்கப் போறோம், எது தானம்?"

"மெதுவாப் பேசு. தங்கச்சி வாழற வீடு."

அவ்வளவுதான். பேரமும் பேசவில்லை. மாப்பிள்ளையிடம் பேரம் பேசினால் தங்கைக்கு இளக்காரமாம். மாப்பிள்ளை ஒரு விலை சொன்னார், இவர் தலையாட்டினார். "ரொம்ப ராசியான வண்டி அண்ணி" என்று நாத்தனார் என் கையைப் பிடித்துச் சொன்னாள். அந்த ராசியான வண்டி நின்ற இடத்தைவிட்டு நகர மறுத்தது. மாப்பிள்ளையும் சேர்ந்து கொஞ்ச தூரம் தள்ளினார். அன்று அவர் இலவசமாகச் செய்தது அது ஒன்றுதான். கடைசியில் கயிறு கட்டித்தான் இழுத்து வந்தோம்.

மெக்கானிக்குக்கு எங்கள் பக்கம் 'நாளைக்கு அண்ணன்' என்று பெயர். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. அவர் முதலில் ஓட்டுநர் காலடியில் கிடந்த ரப்பர் மேட்டைத் தூக்கினார். மேட் புத்தம் புதியது. "எவ்வளவு சுத்தமா வெச்சிருக்காரு பாரு" என்று என் வீட்டுக்காரர் வழியெல்லாம் மெச்சிக்கொண்டு வந்த மேட். அதற்கு அடியில் தகரமே இல்லை. துருப்பிடித்து உதிர்ந்து, ஒரு தட்டு அகலத்துக்கு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக நாளைக்கு அண்ணனின் ஷெட் தரை தெரிந்தது, அதில் ஒரு நட்டு கிடப்பதும் தெரிந்தது.

"மாப்பிள்ளைக்கு இது தெரிஞ்சிருக்காது" என்றார் என் வீட்டுக்காரர்.

"பாவம், கண்ண மூடிக்கிட்டுதான் மேட் போட்டிருப்பாரு" என்றேன்.

அன்றிலிருந்து கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். தரையை ஒட்டவைத்தால் ரேடியேட்டர் ஒழுகியது. ரேடியேட்டரை மாற்றினால் செல்ஃப் மோட்டார் சுற்றவில்லை. இன்ஜினை இறக்கிப் பிரித்தால் உள்ளே இருக்க வேண்டிய எண்ணெய் வெளியிலும், வெளியில் இருக்க வேண்டிய தண்ணீர் உள்ளேயும் இருந்தன. எதையும் புதிதாக வாங்க வழியில்லை. பழைய இரும்புக் கடைகளில் உடைந்த வண்டிகளைத் தேடித் தேடி ஒவ்வொரு பாகமாகக் கொண்டுவந்தார்கள். பாதி பொருந்தாது, திரும்பப் போகும். இடது கதவு பச்சையாக வந்தது, வலது கதவு கைப்பிடி இல்லாமல் வந்தது. கடைக்குப் புதிய வெட்டு மேஜை வாங்க வைத்திருந்த பணம் கிளட்சுக்குப் போனது. நான் கால் ஆடுகிற பழைய மேஜைக்கு அட்டையை மடித்து வைத்து வெட்டிக்கொண்டிருந்தேன். எப்போது கேட்டாலும் நாளைக்கு.

இதெல்லாம்கூட பரவாயில்லை. என் வயிறு எரிந்தது வேறொன்றுக்கு. என் வீட்டுக்காரர் எல்லோரிடமும் யோசனை கேட்டார். இரும்புக் கடைக்காரரிடம் கேட்டார், பழைய லாரிக் கூட்டாளிகளிடம் கேட்டார், சைக்கிள்கூட வைத்திராத பக்கத்து வீட்டுக்காரரிடம் அரைமணி நேரம் நின்று கேட்டார். அந்த வண்டியில் ஏறப்போவது கண்ணாடி. கண்ணாடியோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவள் நான் ஒருத்தி வீட்டிலேயே இருக்கிறேன். "உனக்கு எப்படி வேணும்?" என்று ஒரு வார்த்தை இல்லை. ஒரு நாள் ஷெட்டுக்குப் போய், பின்பக்கத்தைப் பற்றி நானாகவே பேச்சை எடுத்தேன்.

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம். நீ போய் கடையப் பாரு" என்றார். நாளைக்கு அண்ணன் ஸ்பேனரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

"சரி. வண்டி முடியற வரைக்கும் இந்தப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னபடி இருந்தேன். அந்த வாரம் மட்டும் மூன்று கண்ணாடி கோணலாகப் போனது.

வண்டி ஒருநாள் முடிந்துதான் விட்டது. காலையில் கடை வாசலில் ஹாரன் சத்தம் கேட்டு வெளியே வந்தால், முழுக்க நீல நிறத்தில், கதவெல்லாம் ஒரே நிறத்தில், பிக்கப் நின்றது. இன்ஜின் ஒரே திருகலில் எழுந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பூரித்துவிட்டது. கையில் கண்ணாடித் தூள் இருப்பதை மறந்து பானெட்டைத் தடவப் போனேன். அவர் பின்பக்கத் தொட்டியில் ஏறி, இரண்டு காலாலும் தொம் தொம்மென்று குதித்துக் காட்டினார்.

"பாரு, மயிரிழை அசையுதா? யானைய ஏத்தினாலும் இப்படியே நிக்கும்!"

அசையவில்லை. ஆகா என்றேன். என் வாயால் ஆகா என்றேன், அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

கண்ணாடியைப் படுக்கவைத்துக் கொண்டுபோகக் கூடாது, நிற்கவைத்துத்தான் போக வேண்டும். அதற்காகக் கூரை வடிவில் ஒரு மரச்சட்டம் செய்து, அதில் பழைய கம்பளத்தை ஒட்டி வைத்திருந்தேன். அதைத் தொட்டியில் இறக்கி, முதல் மாடிக் கண்ணாடிகளை இரண்டு பக்கமும் சாய்த்து, இடையிடையே செய்தித்தாள் வைத்து, கயிற்றை நானே கட்டினேன். என் முடிச்சு அவிழாது. அவர் சக்கரங்களை உதைத்துப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரி காத்து அடிச்சிருக்கேன்" என்றார். கிளம்பினோம்.

கண்ணாடி பயணத்தில் சத்தம் போடும். நல்லபடியாகப் போனால் ஒரு முனகல் மட்டும் கேட்கும், அரைத்தூக்கத்தில் குழந்தை முனகுவதுபோல. அன்று கடை வாசல் தாண்டுவதற்குள் முனகல் இல்லை, குளிரில் பல் அடிப்பதுபோல் கடகடவென்றது.

"மெதுவாப் போங்க."

"மெதுவாத்தானே போறேன்."

"இன்னும் மெதுவா."

"இதுக்கு மேல மெதுவாப் போனா இறங்கித் தள்ளணும்."

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை உண்டு. அவர் நிதானமாகத்தான் ஏற்றினார், பொய் சொல்ல மாட்டேன். முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறி இறங்கவில்லை, குதித்தது. என் தலை கூரையில் இடித்தது. பின்னால் சிலீரென்றது. பிறகு இன்னொன்று. பிறகு பொலபொலவென்று நிறைய. கண்ணாடி உடைந்தால் எத்தனை போயிற்று என்று நான் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை, காதே சொல்லிவிடும். அன்று என் காது சொன்னதை நம்பாமல் இறங்கிப் போய்ப் பார்த்தேன். காது சொன்னது சரிதான். பாதிக்கு மேல் போயிருந்தது.

"நீ கயிறு சரியா கட்டல" என்றார்.

கயிற்றை இழுத்துக் காட்டினேன். அது வீணைத் தந்திபோல் நின்றது. நடுரோடு என்றும் பார்க்காமல் நான் கத்தினேன், அவரும் கத்தினார். மாப்பிள்ளை, நாத்தனார், புது மேட், பச்சைக் கதவு, வெட்டு மேஜை எல்லாம் அந்தச் சாலையில் வந்து விழுந்தன. பள்ளிக்கூடக் காவலாளி கேட்டைத் திறந்துகொண்டு வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.

விடுதியில் இன்ஜினியர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அவர் கத்தியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"சொந்த வண்டிம்மா, இல்ல?" என்றார் அமைதியாக. பிறகு, "நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

தப்பியதை இறக்கிவிட்டுத் திரும்பும்போது என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார எனக்குப் பிடிக்கவில்லை. உட்கார்ந்தால் அவரைக் கடித்திருப்பேன். பின்னால் தொட்டியில் ஏறி, உடைசல்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, கம்பளச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று கோபத்தில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். ஒரு சின்னக் கல் சக்கரத்தில் மாட்டினாலும் அது நேராக என் முதுகெலும்பில் வந்து அடித்தது. ஒரு பள்ளத்தில் பல் நாக்கைக் கடித்தது. வண்டி கொஞ்சம்கூட வளைந்து கொடுக்கவில்லை. சாலையில் இருந்ததையெல்லாம் அப்படியே மேலே அனுப்பியது. இதன்மேல்தான் என் கண்ணாடி நின்றிருக்கிறது. கேபின் கூரையில் கையால் ஓங்கித் தட்டினேன்.

"ஷெட்டுக்கு விடுங்க!"

ஷெட்டில் இறங்கியதும் யாரையும் கேட்காமல் வண்டிக்கு அடியில் குனிந்தேன். மாப்பிள்ளை வீட்டில் குனிய விடாத குனிவு. பின்சக்கரத்துக்கு மேலே, வளைந்த இரும்புப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அவைதான் குலுக்கலை வாங்கிக்கொள்ள வேண்டியவை. அந்த அடுக்கு என் உள்ளங்கை நீளத்துக்குத் தடித்திருந்தது.

"அண்ணே, இது இவ்வளவு தடியாவா வரும்?"

நாளைக்கு அண்ணனுக்குப் பெருமை. "வரும்போது ஆறு பட்டைதான் தங்கச்சி. உன் வீட்டுக்காரர்தான் லாரிப் பட்டையாத் தேடிக் கொண்டாந்து பதினொண்ணாக்கச் சொன்னாரு. மலையையே ஏத்தலாம்."

நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன்.

"கண்ணாடி என்ன கனம்னு தெரியுமா உனக்கு?" என்றார் என்னைப் பார்த்து. என்னைப் பார்த்து!

"தினம் தூக்கறவகிட்ட கேக்கறீங்களா? கனம் அதுக்கு ஒண்ணும் பண்ணாதுங்க. குலுக்கல்தான் எமன். நீங்க ஏத்தினது கல்லு. கல்லு குதிச்சா கல்லாத்தான் இறங்கும். என்னுது குதிச்சா தூளாத்தான் இறங்கும்."

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"கேட்டீங்களா?"

"கேக்காட்டி சொல்லக் கூடாதா? தலை வெச்சுப் படுக்க மாட்டேன்னு போனது யாரு?"

என்மேலும் தப்பு இருக்கிறது என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்போது அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

"கழட்டுங்க அண்ணே" என்றேன்.

"நாளைக்கு..." என்று ஆரம்பித்தார் அவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கி, ஜாக்கியை எடுத்தார்.

எத்தனை பட்டையைக் கழற்றுவது என்பதில் அடுத்த சண்டை. பழையபடி ஆறு போதும் என்றார் நாளைக்கு அண்ணன். ஆறு வைத்தால் கண்ணாடிக் கனத்துக்கு வண்டி உட்கார்ந்துவிடும், அப்போதும் இடிக்கும் என்றார் என் வீட்டுக்காரர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, எரிச்சலாக இருந்தாலும் இருந்தது. கடைசியில் அவரே கண்ணாடியின் கனத்துக்கு மணல் மூட்டைகளைத் தொட்டியில் ஏற்றினார். கையால் தூக்கிப் பார்த்தே கனம் சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மூட்டைகளுக்கு நடுவே நான் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"நீ எதுக்கு?"

"நான்தான் கண்ணாடி. ஓட்டுங்க."

தெருமுனையில் சாக்கடைக்குக் குறுக்கே ஒரு மேடு இருந்தது. இரண்டு பக்கமும் ஒரு பட்டையைக் கழற்றுவது, மேட்டில் ஏறி இறங்குவது, திரும்பி வருவது. முதல் தடவை என் இடுப்பு கழன்றுவிட்டது. இரண்டாவதும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் அவர் கீழே இறங்கி, தெருவில் நின்ற நாளைக்கு அண்ணனிடம் போய், "எப்படிண்ணே, பரவாயில்லையா?" என்று கேட்டார். நாளைக்கு அண்ணனும் பிரமாதம் என்று தலையாட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. வலியில் இல்லை, ஆத்திரத்தில்.

"பின்னாடி உக்காந்திருக்கிறது நானா, அவரா?" என்று மூட்டைமேல் ஏறி நின்று கத்தினேன். "உடையறது நானா, அவரா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா வாயில முத்து உதிர்ந்திடுமா?"

தெருவே திரும்பிப் பார்த்தது. என் வீட்டுக்காரர் நாளைக்கு அண்ணனை அங்கேயே விட்டுவிட்டு என் பக்கம் வந்தார். பிறகு வண்டியின் பக்கவாட்டில் கையை வைத்து, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க இடிக்குது? ஏறும்போதா, இறங்கும்போதா?"

வண்டி வாங்கியதிலிருந்து அவர் என்னிடம் யோசனையாகக் கேட்ட முதல் கேள்வி. கோபமாகப் பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இறங்கும்போது" என்றேன். "அப்புறம், சக்கரத்துல காத்தக் கொஞ்சம் குறைங்க. அதுவும் கல்லாட்டம் இருக்கு."

குறைத்தார். இன்னொரு பட்டையைக் கழற்றச் சொன்னேன், கழற்றினார். அதற்கடுத்ததைக் கழற்றியபோது வண்டி இறங்கி அடித்தது, அதைத் திரும்ப மாட்டச் சொன்னேன், மாட்டினார். முடிந்து கடைக்கு வந்து, உடைந்தவற்றுக்குப் பதில் வெட்ட மேஜைமுன் நின்றபோது என் உடம்பில் வலிக்காத இடம் இல்லை. கை மட்டும் அழுந்தவில்லை. வெட்டியது ஒவ்வொன்றும் சொன்ன வழியில் போனது.

மறுநாள் ஏற்றினோம். கேபினில் இடம் இருந்தும் நான் பின்னால்தான் ஏறினேன், கண்ணாடிகளுக்கு நடுவே, ஒரு கையை ஒரு பக்கத்திலும் மறு கையை மறு பக்கத்திலும் வைத்துக்கொண்டு. கண்ணாடி முனகியது. எனக்கு மூச்சு வந்தது. சாலையெல்லாம் முனகிக்கொண்டே வந்தது. பள்ளிக்கூடம் நெருங்கியபோது நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். என் கடை, என் மேஜை, பழைய முதலாளியின் அந்தச் சிரிப்பு எல்லாம் இமைக்குள் வந்து நின்றன. தொட்டி மெல்ல மேலே எழும்பி மெல்லக் கீழே இறங்கியது. உள்ளங்கைகளில் கண்ணாடி ஒருமுறை சாய்ந்து, திரும்பிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டது.

வண்டி நின்றது. அவர் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. அவர் பார்த்தது கண்ணாடிகளை அல்ல, என்னை.

"சொல்லு. அந்த மேடு எப்படி இருந்துச்சு?"

நான் கண்ணைத் திறந்து, பின்னால் தள்ளிக் கிடந்த வேகத்தடையை நிதானமாகப் பார்த்தேன்.

"எந்த மேடு?" என்றேன்.